ரெண்டு குவிண்டால் பருத்திக்கு ஒரு நர்சு

"இந்த நர்சு பொண்ணுங்களுக்கு எல்லாம் பணத்தாசைங்க. இங்க படிக்கிறது, அங்க போய் வெள்ளைக்காரனுக்கு ஊசி போடுறது." பொங்கலுக்கு ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க வாயில இருந்து வருஷா வருஷம் இதைக் கேக்குறேன். சொல்றவரோட பையன் அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலையில இருப்பான். அவன் போனது முன்னேற்றம், நர்சு போனது துரோகம். இதுல என்ன நியாயம்னு கேட்டா, "அது வேற, இது சேவை"ம்பாரு. சேவைன்னு ஒரு வார்த்தையைப் போட்டுட்டா சம்பளம் கேக்கக் கூடாதுன்னு நம்ம ஊர்ல ஒரு சட்டம் இருக்கு போல.

முதல்லயே சொல்லிடுறேன். போறவங்க மேல எனக்குக் கோபமே கிடையாது. என் கோபம் முழுக்க, அவங்க வேலைக்குத் "தற்காலிகம்"னு பேர் வெச்சவங்க மேல. ஒரு வேலையைத் தற்காலிகம்னு எழுதிக் கொடுத்தா, அதைச் செய்றவங்களும் தற்காலிகமாத்தான் இருப்பாங்க. இது புரியறதுக்குப் பெரிய படிப்பு வேணாம்.

குன்னம் பக்கம் இருக்கிற எங்களுக்கு வெளிநாடு புதுசு இல்ல. லப்பைக்குடிக்காட்டுக்கு வந்து பாருங்க. அரபு நாட்டுச் சம்பளத்துல எழுந்த வீடுங்க தெருவுக்குத் தெரு நிக்கும். அந்த வீட்டுல வயசான அத்தாவும் அம்மாவும் மட்டும் இருப்பாங்க. வெளிநாடுன்னா என்ன கிடைக்கும், என்ன போகும்னு ரெண்டு பக்கக் கணக்கும் இந்த மண்ணுல எல்லாருக்கும் தெரியும். அதனால "ஆசைப்பட்டு ஓடுறாங்க"ன்னு யாராவது சொன்னா, அவங்க வழியனுப்புற வீட்டு வாசல்ல ஒரு நாளும் நின்னதில்லைன்னு அர்த்தம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

2015-ல் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 செவிலியர் பணியிடங்களுக்குத் தேர்வு வெச்சுது. போட்டித் தேர்வு, மதிப்பெண் வரிசை, சான்றிதழ் சரிபார்ப்புன்னு அரசு வேலைக்கு உண்டான எல்லாமே நடந்துச்சு. கையில கொடுத்த ஆர்டர்ல மட்டும் ஒப்பந்தம், தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய்னு இருந்துச்சு. ரெண்டு வருஷத்துல காலமுறை ஊதியத்துக்குக் கொண்டு வருவோம்னு ஒரு நம்பிக்கையும் கொடுத்தாங்க.

அந்த 7,700-ஐ நகரத்துல இருக்கிற உங்களுக்கு எப்படிச் சொன்னா புரியும்னு தெரியல. எனக்குத் தெரிஞ்ச அளவுகோல் பருத்தி. அதே 2015-16 பருவத்துல நடுத்தர இழைப் பருத்திக்கு மத்திய அரசு வெச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,800 ரூபாய். ரெண்டு குவிண்டால் போட்டா 7,600. ஆக, ராத்திரி ஷிப்டு, பிரசவ அறை, ரத்தம், சீழ், சொந்தக்காரங்க சத்தம் எல்லாம் சேர்த்து ஒரு பயிற்சி பெற்ற செவிலியரோட ஒரு மாச உழைப்பை அரசாங்கம் ரெண்டு குவிண்டால் பருத்தி விலைக்கு எடுத்துக்கிச்சு. அந்தப் பருத்தி விலையே கட்டுபடியாகலன்னு நாங்க கத்திக்கிட்டு இருந்த வருஷம் அது.

ஆதரவு விலைன்னா என்னன்னு விவசாயிக்கு நல்லாத் தெரியும். அரசாங்கம் நம்மகிட்ட எத்தனை மூட்டை வாங்குதுங்கறது ரெண்டாவது. அது சொல்ற விலைதான் கமிஷன் மண்டிக்காரர் பேச்சை ஆரம்பிக்கிற இடம். அரசாங்கமே அடிமாட்டு விலை சொன்னா, வியாபாரி அதுக்கும் கீழதான் கேப்பாரு. செவிலியர் சம்பளத்துலயும் இதேதான் நடந்துச்சு. தேர்வு எழுதி ஜெயிச்சவங்களுக்கே அரசு 7,700 கொடுக்குதுன்னா, தனியார் ஆஸ்பத்திரி முதலாளி ஏன் பத்தாயிரம் கொடுக்கப் போறாரு? "கவர்மெண்ட்லயே அவ்ளோதாம்மா"ன்னு சொல்றதுக்கு அவருக்கு ஒரு ஆதாரம் கிடைச்சிருச்சு. தனியார் ஆஸ்பத்திரியைத் திட்டறதுக்கு முன்னாடி, அந்த விலையைத் தொடங்கி வெச்சது யாருன்னு பாக்கணும்.

சொன்ன ரெண்டு வருஷம் ஆச்சு. 2017 நவம்பர் 27-ஆம் தேதி ஆயிரக்கணக்கான செவிலியர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல வந்து உக்காந்தாங்க. கைக்குழந்தையோட வந்தவங்க, வயித்துப் பிள்ளையோட வந்தவங்க எல்லாம் இருந்தாங்க. உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொல்லுச்சு, திரும்பினாங்க. அதுக்கப்புறம் 7,700 ரூபாய் 14,000 ஆச்சு. கொஞ்ச வருஷம் கழிச்சு 18,000 ஆச்சு. ஒவ்வொரு ஏத்தத்துக்கும் ஒரு தெருப் போராட்டம். காலமுறை ஊதியத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஆளை எடுத்தாங்க. மீதிப் பேரு வருஷக்கணக்கா வரிசையில நின்னாங்க. ஒப்பந்தத்தைத் தொடங்கி வெச்சது ஒரு ஆட்சி. 2021 தேர்தல்ல பணி நிரந்தரம் பண்றோம்னு வாக்குக் கொடுத்தது இன்னொரு ஆட்சி. கட்சி மாறுச்சு, ஆர்டர்ல இருக்கிற வார்த்தை மாறல.

நடுவுல கொரோனா வந்துச்சு. 2020-ல் அவசரம் அவசரமா, அதே தேர்வு வாரியத்தோட தரவரிசையில இருந்து ஆள் எடுத்தாங்க. ஆறு ஆறு மாசமா நீட்டிச்சாங்க. கவச உடைக்குள்ள பன்னெண்டு மணி நேரம் நின்னவங்களுக்கு நகரத்துல மாடியில நின்னு கை தட்டினீங்க, விளக்கு பிடிச்சீங்க. ஞாபகம் இருக்கா? 2022 டிசம்பர் 31-ஓட அவங்களுக்கு நீட்டிப்பு கிடையாதுன்னு அரசு சொல்லிடுச்சு. ரெண்டாயிரம் பேருக்கு மேல. இட ஒதுக்கீட்டு விதிப்படி எடுக்கலைன்னு காரணம் சொன்னாங்க. விதிப்படி எடுக்க வேண்டியது யாரு, அந்தப் பொண்ணுங்களா? மாவட்ட நலச் சங்கம் மூலமா 18,000 சம்பளத்துல மாற்று வேலை தர்றோம்னு அமைச்சர் சொன்னாரு, அதையும் சொல்லிடணும். ஆனா அதுவும் ஒப்பந்தம்தான். ஒரு தற்காலிகத்துல இருந்து இறக்கி இன்னொரு தற்காலிகத்துல ஏத்தறதுக்கு மாற்று வேலைன்னு பேரு.

அந்த வருஷம் கார்த்திகை மாசம் நடந்த ஒண்ணைச் சொல்றேன். மக்காச்சோளம் கதிர் பிடிச்ச நேரம். காட்டுப்பன்னி விழுந்தா ஒரே ராத்திரியில அரை ஏக்கரைச் சாய்ச்சிடும், அதனால ராக்காவலுக்கு ஆள் படுப்போம். பக்கத்துக் காட்டுல காவலுக்குப் படுத்தவரைக் கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. பைக்ல நடுவுல உக்கார வெச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனோம். ராத்திரி பதினொன்னரை. ஒரே ஒரு நர்சு. பதறல. புதுக் கண்ணாடிக் குழாயில கொஞ்சம் ரத்தம் எடுத்து ஆடாம வெச்சு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாங்க. இருபது நிமிஷம் கழிச்சுக் குழாயைச் சாய்ச்சாங்க. ரத்தம் உறையல, தண்ணி மாதிரி ஓடுச்சு. விஷம் ஏறிடுச்சுன்னு அதுதான் அடையாளம்னு அப்பத்தான் எனக்குத் தெரியும். டாக்டர் போன்ல இருந்தாரு. அவர் சொல்லச் சொல்ல விஷமுறிவு மருந்தைக் கரைச்சு டிரிப்ல ஏத்தினாங்க, ஒவ்வாமை வந்தா போடறதுக்கு இன்னொரு ஊசியைப் பக்கத்துலயே எடுத்து வெச்சாங்க, 108-ஐ வரச் சொன்னாங்க. நடுவுல அடுத்த அறையில வலி எடுத்துப் படுத்திருந்த பிள்ளைத்தாச்சியையும் ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. அந்த மனுஷன் இன்னைக்கும் காட்டுல களை வெட்டிக்கிட்டு இருக்காரு.

அந்த நர்சு கொரோனாவுக்கு எடுத்த ஆளுங்கள்ல ஒருத்தங்க. அடுத்த மாசக் கடைசியில அவங்க ஆர்டர் முடிஞ்சுது. இப்ப ஜெர்மனியில இருக்காங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஊர்ல சொல்லிக்க வந்தப்ப, "அந்த மொழி ரொம்பக் கஷ்டமாம்ல தங்கச்சி?"ன்னு கேட்டேன். "மொழி படிச்சா வந்துடும்ணே. ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஆர்டர் வருமா வராதான்னு உக்காந்திருக்கோம் பாருங்க, அதுதான் பழகவே இல்ல"ன்னாங்க. இவங்களையும் பணத்தாசைக் கணக்குல சேர்க்கப் போறீங்களா?

பணமும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. 2025-26-ல் பிரிட்டன் அரசு மருத்துவமனையில ஒரு புது செவிலியரோட தொடக்கச் சம்பளம் வருஷத்துக்கு 31,049 பவுண்டு. வரி பிடிக்கிறதுக்கு முன்னாடி மாசம் ரெண்டரை லட்ச ரூபாய்க்குக் குறையாது. கேரள அரசோட நோர்க்கா மூலமா ஜெர்மனிக்கு ஆள் எடுத்தப்ப அறிவிச்சது, தொடக்கத்துல மாசம் 2,300 யூரோ, அங்கீகாரம் கிடைச்சதும் 2,800 யூரோ. அங்க வீட்டு வாடகை, குளிர், தனிமை எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்தாலும், இங்க வாங்கின தொகுப்பூதியத்தை அதுக்குப் பக்கத்துல வெச்சுப் பேச நமக்கு வெக்கமா இருக்கணும்.

தனியார் பக்கம் இன்னும் மோசம். எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு, பி.எஸ்சி. நர்சிங் முடிச்சுட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேர்ந்துச்சு. எந்த ஊர்னு கூடச் சொல்ல வேணாம். சேர்ற அன்னிக்கே ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி உள்ள வெச்சுக்கிட்டாங்க. விலகறதா இருந்தா ரெண்டு வருஷ பாண்டுப் பணம் கட்டணுமாம். இந்திய செவிலியர் குழுமம் இந்த பாண்டு முறையே கூடாதுன்னு 2011-லேயே சொல்லியாச்சு. சொல்லி என்ன ஆச்சு? அந்தக் காலத்துல பண்ணையில கடன் சீட்டை வாங்கி வெச்சுக்கிட்டு ஆளை நிறுத்தி வெப்பாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. இப்ப சீட்டுக்குப் பதிலா டிகிரி.

மேல இருக்கிறவங்களுக்கு இது தெரியாம இல்ல. செவிலியர் சங்கம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில ஒரு குழு போடச் சொல்லி, குழுவும் அறிக்கை கொடுத்துச்சு. 200 படுக்கைக்கு மேல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில அந்த மாநில அரசுச் செவிலியருக்குச் சமமான சம்பளம் கொடுக்கணும், 50 படுக்கைக்குக் கீழ இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில கூட 20,000-க்குக் குறையக் கூடாதுன்னு. மத்திய அரசு அதை மாநிலங்களுக்கு அனுப்பிட்டுக் கையைக் கழுவிக்கிச்சு. கேரளாவுல செவிலியர்கள் சங்கமாத் திரண்டு, வேலைநிறுத்தம்னு அறிவிச்சு, 2018 ஏப்ரல்ல அடிப்படைச் சம்பளம் 20,000-ன்னு அரசு உத்தரவே வாங்கினாங்க. பக்கத்து மாநிலத்துல முடியுதுன்னா நம்மால ஏன் முடியாது? பத்து வருஷத்துக்கு முன்னாடி சின்ன ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைச்ச 20,000-ஐ நம்ம அரசோட ஒப்பந்தச் சம்பளமே இன்னும் தொடல. அப்புறம் எந்த முகத்தோட தனியாரைக் கேப்பாங்க?

ஆசையில போறாங்கன்னு இன்னும் நினைக்கிறவங்க 2014-ஐ நினைச்சுப் பாருங்க. ஈராக்ல திக்ரித் நகரத்து ஆஸ்பத்திரியில 46 இந்தியச் செவிலியர்கள் போருக்கு நடுவுல மாட்டினாங்க. 45 பேரு கேரளா, ஒருத்தங்க நம்ம தூத்துக்குடி. ஜூலை மாசம் உயிரோட கொச்சி வந்து இறங்கினாங்க. அவங்கள்ல பல பேரு அப்பச் சொன்னது, வாங்கின கடனை அடைக்காம இங்க என்ன பண்றதுன்னுதான். அடுத்த வருஷம் குவைத்துக்கு ஆள் எடுத்ததுல நடந்த மோசடி வெளிய வந்துச்சு. சட்டப்படி 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்துல தலைக்கு 19.5 லட்சம் வாங்கினதா சி.பி.ஐ. வழக்குப் போட்டுச்சு. அவ்வளவு பணத்தைப் புரட்டிக் கட்டி, குண்டு விழற ஊருக்கும் போகத் தயாரா ஒருத்தங்க இருக்காங்கன்னா, ஊர்ல அவங்களுக்கு எதிர்ல இருந்தது எவ்வளவு பெரிய சுவரா இருக்கணும்?

"அரசாங்கம் செலவு பண்ணிப் படிக்க வெச்சுது, நன்றி வேணாமா"ன்னு ஒரு கேள்வி வரும். நர்சிங் படிச்சதுல பெரும்பாலானவங்க படிச்சது தனியார் கல்லூரியில. காட்டை அடமானம் வெச்சு, பேங்க்ல கல்விக்கடன் வாங்கி, அம்மா தோட்டைக் கழட்டி. நன்றின்னு ஒண்ணு சொல்லணும்னா அதை வீட்டுக்குச் சொல்லட்டும். மாசம் 18,000-ல கல்விக்கடன் தவணையும் போக என்ன மிஞ்சும்னு கேள்வி கேக்குறவங்களே போட்டுப் பாக்கட்டும்.

"வெளிநாட்டுப் பணம் ஊருக்குத்தானே வருது, நல்லதுதானே"ன்னு இன்னொரு பக்கம் சொல்லுவாங்க. வருது. அரசாங்கமும் இதைத்தான் நம்புது. 1978-ல தொடங்கின அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் தமிழ்நாட்டு அரசுக்கே சொந்தம். செவிலியருக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி கொடுத்து அனுப்புது. புரோக்கர் கையில 19 லட்சம் கொடுத்து ஏமாறறதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல், அதுல சந்தேகம் இல்ல. ஆனா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு கை ஆரம்ப சுகாதார நிலையத்துல நிரந்தர இடம் இல்லைங்குது. இன்னொரு கை ஜெர்மனிக்கு விமானம் ஏத்துது. நாத்தங்கால் போட்டது நாம, விதை நம்முது, தண்ணி நம்முது. நாத்து பக்குவத்துக்கு வந்ததும் முடிச்சுக் கட்டி அடுத்தவன் வயலுக்கு அனுப்பிட்டு, நம்ம வயல் தரிசாக் கிடக்கேன்னு வானத்தைப் பாக்குறோம்.

அடுத்தவன் வயலும் சும்மா இல்ல. 2023-ல் உலகத்துல 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறைன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. உலகத்துல ஏழு செவிலியர்ல ஒருத்தர் வேற நாட்டுல பிறந்தவர். வளர்ந்த நாடுகள்ல அது நாலுல ஒண்ணுக்குப் பக்கம். அவங்க ஊர்ல வயசானவங்க பெருகிட்டாங்க, பார்க்க ஆள் இல்ல. ஆளை எடுக்கிற நாடு, ஆளை விடற நாட்டோட சுகாதாரத்துக்கும் உதவணும்னு 2010-லேயே உலக சுகாதார நிறுவனம் ஒரு நெறிமுறை போட்டுச்சு. கட்டாயம் இல்லாத நெறிமுறை. அவங்களுக்குத் தேவை இருக்கிற வரைக்கும் கூப்பிடுவாங்க, தீர்ந்ததும் கதவைச் சாத்துவாங்க. பிரிட்டன்ல இப்பவே வெளிநாட்டு ஆள் எடுப்பு வெகுவாக் குறைஞ்சிருச்சு. அந்தக் கதவை நம்பி நம்ம ஊரு சம்பளத்தைக் கீழயே வெச்சிருக்கிறது என்ன புத்திசாலித்தனம்?

நஷ்டம் யாருக்குன்னும் சொல்லிடணும். நகரத்துக்கு இல்ல. உங்களுக்குத் தெருவுக்கு ஒரு கார்ப்பரேட் ஆஸ்பத்திரி இருக்கு. பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது 1995-ல். இன்னைக்கு வரைக்கும் எங்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. பெரிய கேஸ்னா திருச்சிக்கோ அரியலூருக்கோ ஓடணும். அதுவரைக்கும் உயிரைப் பிடிச்சு வெக்கிறது ஆரம்ப சுகாதார நிலையமும் அங்க ராத்திரி முழிச்சிருக்கிற செவிலியரும்தான். தமிழ்நாட்டுல 99.6 சதவீதம் பிரசவம் ஆஸ்பத்திரியில நடக்குதுன்னு தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. 2018-20-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவுல 97 தாய்மார் இறந்தாங்க, தமிழ்நாட்டுல 54. எல்லா ஆட்சியும் மேடையில சொல்லிக்கிற எண்ணு இது. இந்த எண்ணை உண்டாக்கினதுல பெரிய பங்கு, மூணு ஷிப்டுலயும் பிரசவ அறையைத் திறந்து வெச்சிருந்த நர்சுங்களோடது. பிள்ளை பிறக்கறதும் பாம்பு கடிக்கறதும் ஆறு மாசத்துல நிக்கப் போற காரியமா? நிரந்தரமான வேலைக்கு எதுக்குத் தற்காலிகமான ஆள்?

நான் கேக்கறது நாலே நாலு. வருஷம் முழுக்க இருக்கிற வேலைக்கு நிரந்தரப் பணியிடம் உருவாக்கி, தேர்வெழுதி ஜெயிச்சவங்களை முதல் நாள்ல இருந்தே காலமுறை ஊதியத்துல எடுங்க. தனியார் ஆஸ்பத்திரிக்கு, அந்தக் குழு சொன்ன சம்பளத்தைச் சட்டமாப் போடுங்க. சர்ட்டிபிகேட்டைப் பிடிச்சு வெக்கிற ஆஸ்பத்திரி மேல வழக்குப் போடுங்க. வெளிநாட்டோட ஒப்பந்தம் போடறப்ப, அவங்க எடுக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் இங்க ஒரு ஆளைப் படிக்க வெக்கிற செலவை அவங்ககிட்ட கேட்டு வாங்குங்க. இதுக்கப்புறமும் போறவங்க போகட்டும். அது அவங்க விருப்பம், மாலை போட்டு அனுப்பலாம்.

நகரத்துல இருந்து படிக்கிற உங்ககிட்ட தனியா ஒண்ணு. அடுத்த தடவை வீட்டுல யாரையாவது ஆஸ்பத்திரியில சேர்த்தா, பில்லை இன்சூரன்ஸ்காரன்கிட்ட நீட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா படிங்க. "நர்சிங் சார்ஜ்"னு ஒரு வரி இருக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு போட்டிருப்பாங்க. அந்தத் தளத்துல எத்தனை படுக்கை, எத்தனை நர்சுன்னு எண்ணிப் பாருங்க. அப்புறம் உங்க அம்மாவுக்கு டிரிப் மாத்த வர்ற பொண்ணுகிட்ட, "உனக்கு எவ்வளவும்மா கொடுக்கிறாங்க?"ன்னு மெதுவாக் கேளுங்க. சொன்ன தொகையைக் கேட்டுக்கிட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப எங்ககிட்டயும் சொல்லுங்க. பணத்தாசை யாருக்குன்னு அப்ப உக்காந்து பேசலாம்.